எரிகுண்டுச் செய்தியைப் பிழையில்லாமல் படிப்பது எப்படி, எழுதுவது எப்படி

2009 ஜனவரியில் ஓர் இரவு. ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கம் அப்போது என் பொறுப்பில் இருந்தது. பக்கம் அச்சுக்குப் போக நாற்பது நிமிடம் இருக்கும்போது காசாவிலிருந்து ஒரு படம் வந்தது. கட்டடங்களுக்கு மேலே ஏதோ வெடித்து, அதிலிருந்து வெள்ளைப் புகை ஆலம் விழுதுகளைப் போல இறங்கிக்கொண்டிருந்தது. "காசா மீது ரசாயனக் குண்டு" என்று தலைப்பு வைத்து அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் மாலை எனக்கு ஒரு தொலைபேசி. ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். கோபமே இல்லை அவர் குரலில். "தம்பி, வெடிமருந்தும் ரசாயனம்தானே. அப்படிப் பார்த்தால் எந்தக் குண்டு ரசாயனக் குண்டு இல்லை, சொல்லுங்கள்?" என்றார். அப்புறம் அரை மணி நேரம் பாடம் எடுத்தார். நான் தாளில் குறித்துக்கொண்டே போனேன். அந்தத் தாள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பல வருடம் கிடந்தது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அதைத்தான் காட்டுவேன். அந்தத் தாளையும், அதற்குப் பிறகு நானாகப் பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். போர்ச் செய்தியை மொழிபெயர்ப்பவர்களுக்கு மட்டுமல்ல, இந்த மாதிரிக் காணொளி கைபேசிக்கு வந்தால் நாலு பேருக்கு அனுப்பலாமா என்று யோசிப்பவர்களுக்கும் உதவும்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள். பயிற்சிக்கு வந்த ஒரு பையன் ஒருமுறை ஆங்கிலத்தில் இருந்த "இன்செண்டியரி வெப்பன்ஸ்" என்பதை "எரிச்சலூட்டும் ஆயுதங்கள்" என்று எழுதிக் கொடுத்தான். அறை முழுக்கச் சிரித்தோம். ஆனால் அகராதியை மட்டும் நம்பினால் யாருக்கும் அது நடக்கும். இன்னொருவர் "எரிபொருள் ஆயுதம்" என்று எழுதினார், அது லாரியில் போகிற டீசலை நினைவூட்டுகிறது. ஒப்பந்தம், ஐநா அறிக்கை போன்ற இடங்களில் "தீமூட்டும் ஆயுதம்" என்பேன். தலைப்பிலும் ஓடும் செய்தியிலும் "எரிகுண்டு" போதும். "பாஸ்பரஸ் குண்டு", "நேபாம்" என்பவையெல்லாம் பொருளின் பெயர்கள். எரிந்த பொருள் எது என்று உறுதியாகும் வரை அவற்றைத் தொடவே தொடாதீர்கள்.

சரி, எரிந்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த வேதியியல் ஆசிரியர் சொன்ன முதல் வழி: புகையைப் பார், நெருப்பை அப்புறம் பார்.

அடர்த்தியான வெள்ளைப் புகை என்றால் வெள்ளை பாஸ்பரஸாக இருக்கலாம். 1669-இல் ஹாம்பர்க்கைச் சேர்ந்த ஹென்னிக் பிராண்ட் என்ற ரசவாதி, தங்கம் தேடிச் சிறுநீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது கிடைத்த பொருள் இது. காற்று பட்டால் ஏறக்குறைய 30 டிகிரி வெப்பத்திலேயே தானாகப் பற்றிக்கொள்ளும், கொளுத்த வேண்டியதே இல்லை. எரியும்போது பூண்டு வாடை அடிப்பதாக அருகில் இருந்தவர்கள் சொல்வார்கள். ஒரு காலத்தில் தீக்குச்சி முனையிலும் இதுதான் இருந்தது. தீப்பெட்டித் தொழிலாளிகளின் தாடை எலும்பு அழுகிப்போனதால் 1906-இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி, தீக்குச்சியில் இதைத் தடைசெய்தன. தீக்குச்சிக்கு ஆகாதது பீரங்கிக்கு ஆனது என்று ஆசிரியர் சொல்லி நிறுத்தினார். நானும் மேலே கேட்கவில்லை.

ராணுவங்கள் இதை வாங்குவதற்குச் சொல்லும் காரணம் அந்தப் புகைதான். படை நகர்வதை மறைக்க, எதிரியின் பார்வையை மறைக்க, இலக்கைக் குறித்துக் காட்ட. அமெரிக்கத் தயாரிப்பான 155 மி.மீ. எம்825ஏ1 எறிகணையில் பாஸ்பரஸில் ஊறிய 116 கம்பளித் துண்டுகள் இருக்கும். வானத்தில் வெடித்ததும் அவை சிதறி எரிந்தபடி விழும். நான் பார்த்த ஆலம் விழுதுகள் அவைதான். தரையில் விழுந்த துண்டு மண்ணால் மூடிக்கொண்டால் அணைந்தது போலத் தோன்றும். நாட்கள் கழித்து யாராவது காலால் கிளறினால் காற்று பட்டு மறுபடி புகையும். "குழந்தை உதைத்ததும் தீப்பிடித்தது" என்று ஒரு செய்தியில் இருந்தால், மிகைப்படுத்தல் என்று வெட்டிவிடாதீர்கள். எனக்கு அந்த வரி பெரிய துப்பு.

இரண்டாவது வகையில் புகை குறைவு, ஒளி அதிகம். இரவில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைப் பொட்டுகள் நூற்றுக்கணக்கில் ஒரு போர்வை போல மெதுவாக இறங்கும். இது தெர்மைட், மக்னீசியம் வகை. தெர்மைட் என்பது அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் வினைபுரியும் சமாச்சாரம். ஜெர்மனியின் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1895-இல் காப்புரிமை பெற்றார். ரயில் தண்டவாளங்களை ஒட்டவைக்க இன்றும் அதே வினைதான் பயன்படுகிறது. 2,000 டிகிரியைத் தாண்டும். தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதால், மூடி மூச்சுத் திணறடித்து அணைக்க முடியாது. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் பாயின்ட் டு ஹாக் என்ற பாறை முகட்டில் ஏறிய அமெரிக்க ரேஞ்சர் படையினர், பீரங்கிகள் அங்கே இல்லாததைக் கண்டு தேடிப்போய், தோட்டத்துக்குள் ஒளித்து வைத்திருந்த அவற்றைத் தெர்மைட் கையெறிகுண்டால் செயலிழக்கச் செய்தார்கள். சத்தம் இல்லாமல் உருக்கி இறுக்கிவிட்டால் பீரங்கி வெறும் இரும்புக் குழாய். ஆள்மேல் வீசாமல் பொருள்மேல் வைக்கிற பயன்பாடு இது. "எரிகுண்டு" என்றதும் நமக்கு நகரம் எரிவதுதான் தோன்றும் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

மூன்றாவது வகையில் ஆரஞ்சுத் தீ உருண்டு ஓடும், மேலே கரும்புகை. கூழ்மமாக்கிய பெட்ரோலிய எரிபொருள் அது. 1942-இல் ஹார்வர்டில் லூயி ஃபைசர் தலைமையில் உருவானது நேபாம். அந்த ஜூலை 4 அன்று பல்கலைக்கழக மைதானத்திலேயே சோதித்துப் பார்த்தார்கள். ஒட்டிக்கொண்டு எரிவதுதான் அதன் கொடுமை. தாழப் பறக்கும் விமானத்திலிருந்து விழுந்து, தரையில் நீளவாக்கில் பரவும். 1972 ஜூன் 8 அன்று வியட்நாமின் சாங் பாங் சாலையில் ஒன்பது வயதுக் கிம் ஃபுக் ஆடையில்லாமல் அலறி ஓடிவரும் படத்தின் பின்னணியில் தெரியும் புகையைப் பாருங்கள். அந்தக் குண்டைப் போட்டது தென்வியட்நாம் விமானம். "அமெரிக்க விமானம்" என்று எழுதிய பழைய செய்தி நறுக்குகள் எங்கள் நூலகத்திலேயே இருந்தன.

வெண்புகை, வெள்ளொளி, கரும்புகை. இந்த மூன்றும் முதல் சல்லடை மட்டும்தான். இதை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதை நான் இன்னொரு தவறில் கற்றேன்.

2014-இல் கிழக்கு உக்ரைனிலிருந்து இரவுக் காணொளிகள் வந்தன. "பாஸ்பரஸ் மழை" என்று உலகம் முழுக்க ஓடியது. நானும் அப்படியே போட்டேன். பிறகு தரையில் கிடந்த எச்சங்களின் படங்கள் வந்தன. சிறிய அறுகோண உலோகக் கூடுகள். ரஷ்யத் தயாரிப்பான கிராட் ஏவுகணையின் எரிகுண்டு வகையான 9எம்22எஸ்-இல் இப்படி 180 கூடுகள் இருக்கும். மக்னீசியக் கலவை உறைக்குள் தெர்மைட் வகைப் பொருள். பாஸ்பரஸ் அல்லவே அல்ல. அதே காட்சி 2023-இல் பாக்முத்திலும் வுஹ்லெதாரிலும் வந்தபோது, அதே "பாஸ்பரஸ்" பிழை மறுபடி உலாவியது. அன்றிலிருந்து நான் வைத்துக்கொண்ட பழக்கம்: வானத்தை விட்டுவிட்டுத் தரையைக் காட்டும் படத்துக்குக் காத்திருப்பேன். எச்சம் கிடைத்தால் பொருள் தெரியும், சில சமயம் வரிசை எண்ணும் தெரியும். அது வரும் வரை "எரிகுண்டு போன்ற தாக்குதல்" என்று எழுதிச் சமாளிக்கலாம். யாருக்கும் அது குறைவாகத் தோன்றாது.

எரிகுண்டே அல்லாதவையும் நிறைய. பாராசூட்டில் தொங்கி ஒரே இடத்தில் நிற்பது போல இறங்கும் தனித்தனி விளக்குகள் வெளிச்சக் குண்டுகள். விமானத்தின் பின்னால் ஜோடி ஜோடியாகச் சிதறும் பொறிகள், வெப்பம் தேடும் ஏவுகணையை ஏமாற்றப் போடுபவை. ஆயுதக் கிடங்கு எரிந்தால் எல்லா வண்ணமும் வரும். இன்னொரு தொல்லை, ரஷ்யாவின் டாஸ்-1 ஏவுகணை வண்டி. இதற்கு ரஷ்ய மொழியில் வைத்திருக்கும் பெயரே "கனரகத் தீ எறியும் அமைப்பு" என்ற பொருள் தருவது. ஆனால் அது கொல்வது பெரும்பாலும் காற்றழுத்தத்தால். பெயரைப் பார்த்து எரிகுண்டுப் பத்தியில் சேர்த்துவிடாதீர்கள். கணினி விளையாட்டுக் காட்சியும் வரும். ஆர்மா 3 என்ற போர் விளையாட்டின் காட்சிகள் உண்மைப் போர் என்று பரவுவதாக அதைத் தயாரித்த நிறுவனமே 2022 நவம்பரில் அறிக்கை விட்டது. கேமரா ஒரு கணமும் ஆடாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையில் படம் பிடிப்பவன் கை நடுங்கும், ஓடும், திட்டும். ஒளிக்கும் சத்தத்துக்கும் இடைவெளி இருக்கிறதா என்றும் கேளுங்கள். மூன்று விநாடி தாமதம் என்றால் தோராயமாக ஒரு கிலோமீட்டர் தூரம். தூரத்தில் வெடிப்பதாகக் காட்டிவிட்டுச் சத்தம் உடனே வந்தால், யாரோ ஒலியை ஒட்டியிருக்கிறார்கள்.

அடுத்த கேள்வி: அந்த ஆயுதம் எதற்காகச் செய்யப்பட்டது? சட்டம் முழுக்க இந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது. 1980-இல் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட மரபு ஆயுதங்கள் ஒப்பந்தத்தின் மூன்றாம் நெறிமுறை (ஒப்பந்தத்தோடு இணைந்த தனி விதித்தொகுப்பு), 1983 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பொருள்களுக்குத் தீ வைக்கவோ மனிதர்களுக்குத் தீக்காயம் உண்டாக்கவோ "முதன்மையாக வடிவமைக்கப்பட்டது" எதுவோ, அதுதான் தீமூட்டும் ஆயுதம். வெளிச்சம், புகை, சைகை ஆகியவற்றுக்காகச் செய்து, போகிற போக்கில் தீயும் வைப்பவை இதில் சேரா. கவசத்தைத் துளைத்துக்கொண்டு கூடவே எரிக்கும் எறிகணையும் சேராது.

அந்த "முதன்மையாக" என்ற சொல்லில்தான் லாரி நுழையும் ஓட்டை இருக்கிறது. பாஸ்பரஸ் எறிகணை புகைக்காகச் செய்யப்பட்டது என்று ஒரு நாடு சொல்லிவிட்டால், அது ஒருவன் தோலில் என்ன செய்தது என்பதை நெறிமுறையின் வரையறை கேட்பதில்லை. இதற்காக அதைச் சட்டபூர்வமானது என்று எழுதிவிடவும் கூடாது. பொதுமக்களையும் படையினரையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற பொதுவான போர்ச் சட்டம் எல்லா ஆயுதத்துக்கும் உண்டு. ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தம் வேறு கதை. அது நச்சுத்தன்மையால் கொல்வதைப் பற்றியது. என் 2009 தலைப்பு தவறான ஒப்பந்தத்தின் கதவைத் தட்டியது. ஆசிரியர் சொல்ல வந்தது அதைத்தான்.

முதன்மையாக எரிப்பதற்கென்றே செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் எம்69 என்ற அமெரிக்க எரிகுண்டு. அமெரிக்கா 1943-இல் யூட்டா பாலைவனத்தில் ஜப்பானிய, ஜெர்மானிய வீடுகளைப் போலவே வீடுகள் கட்டி, உள்ளே மேசை நாற்காலி முதல் அப்படியே அமைத்து, எந்தக் குண்டு நன்றாக எரிக்கிறது என்று பார்த்தது. 1945 மார்ச் 9 இரவு 279 பி-29 விமானங்கள் டோக்கியோ மீது சுமார் 1,665 டன் எரிகுண்டு போட்டன. நகரில் 41 சதுர கிலோமீட்டர் எரிந்தது. இறந்தவர்கள் சுமார் ஒரு லட்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு, கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். "மதிப்பீடு" என்ற சொல்லை இடம் போதவில்லை என்று வெட்டிவிடாதீர்கள்.

அப்புறம், எங்கே விழுந்தது, எதிலிருந்து விழுந்தது. மக்கள் செறிந்த இடத்துக்குள் இருக்கும் ராணுவ இலக்கை விமானத்திலிருந்து எரிகுண்டு போட்டுத் தாக்க மூன்றாம் நெறிமுறை முழுமையாகத் தடைவிதிக்கிறது. தரையிலிருந்து ஏவினால் விதி தளர்கிறது. இலக்கு பொதுமக்களிடமிருந்து தனியாகப் பிரிந்திருந்து, வேண்டிய முன்னெச்சரிக்கை எடுத்தால் அனுமதி. எரிபவனுக்கு மேலிருந்து வந்ததா பக்கவாட்டில் வந்ததா என்பதில் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. ஆனால் செய்தி எழுதும்போது அந்த வித்தியாசத்தைக் கேட்டே ஆக வேண்டும். "பீரங்கியா, விமானமா?" என்று ஒரு வரி கேட்டு நிருபருக்குச் செய்தி அனுப்புங்கள்.

அந்த நாடு நெறிமுறையை ஏற்றிருக்கிறதா என்றும் பாருங்கள். ரஷ்யா, உக்ரைன் இரண்டுமே ஏற்றவை. இஸ்ரேலும் சிரியாவும் மூன்றாம் நெறிமுறையை ஏற்கவில்லை. அமெரிக்கா 2009-இல்தான் ஏற்றது, அதுவும் ஒரு விலக்கோடு: வேறு ஆயுதத்தைவிட எரிகுண்டால் பொதுமக்கள் சேதம் குறையும் என்று தோன்றினால் பயன்படுத்தும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டது. ஏற்காத நாட்டை "ஒப்பந்தத்தை மீறியது" என்று எழுதுவது எங்கள் மேசையில் வாரம் ஒருமுறை நடக்கும் பிழை.

மறுப்பு அறிக்கைகளைப் படிக்கத் தனிப் பொறுமை வேண்டும். 2003-இல் ஈராக்கில் நேபாம் போடவில்லை என்று அமெரிக்கா சொன்னது. போட்டது மார்க் 77 என்ற எரிகுண்டு. பெட்ரோலுக்குப் பதில் மண்ணெண்ணெய் வகை எரிபொருள். நேபாம் என்ற பெயருடைய இருப்பின் கடைசிப் பகுதியை 2001-இலேயே அழித்துவிட்டார்கள். ஆக, மறுப்பு எழுத்துக்கு எழுத்து உண்மை. எரிந்தவனுக்குத்தான் அது புரியாது. 2004 நவம்பரில் ஈராக்கின் ஃபலூஜாவில் பாஸ்பரஸை வெளிச்சத்துக்காக மட்டுமே பயன்படுத்தினோம் என்று முதலில் சொன்னார்கள். ஆனால் எதிரிப் போராளிகளைப் பதுங்குமிடத்திலிருந்து வெளியேற்றவும் பயன்படுத்தியதாகப் பீரங்கிப் படையினரே தங்கள் தொழில்முறை இதழில் 2005-இல் எழுதியிருந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பென்டகன் ஒப்புக்கொண்டது. காசாவிலும் ஏறக்குறைய இதே பாதைதான்: முதலில் மறுப்பு, பிறகு புகைத்திரைக்காகப் பயன்படுத்தினோம் என்ற ஒப்புதல். எனவே மறுப்பு வந்தால் எதை மறுக்கிறார்கள் என்று பாருங்கள். பொருளையா, பெயரையா, நோக்கத்தையா? மூன்றில் எது என்று தெரியும்படி மொழிபெயர்க்க வேண்டும். "குற்றச்சாட்டை மறுத்தது" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அவர்களுக்குச் சந்தோஷம்.

காயம் பற்றிய பத்தி வந்தால் கூடுதல் கவனம். மருத்துவர் "ஆழமான ரசாயனத் தீக்காயம்" என்று சொன்னதை வைத்துக்கொண்டு பாஸ்பரஸ் என்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள். அதே பத்தியில் முதலுதவிக் குறிப்பும் போடச் சொல்வார்கள், அங்கே பிழை விட்டால் ஆபத்து. பாஸ்பரஸ் தோலில் பட்டால் காற்று படாமல் தண்ணீரிலோ நனைந்த துணியிலோ வைத்திருக்க வேண்டும், பட்ட உடையைக் கழற்ற வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு கூடாது, கொழுப்பில் அது கரைந்து உடலுக்குள் போகும். ஆனால் எரியும் மக்னீசியத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பித் தீ பெருகும். அதற்கு உலர்ந்த மணல். 1940-இல் லண்டன் வீடுகளின் வாசலில் மணல் வாளி வைத்திருந்தது அதற்குத்தான். தண்ணீர் ஒன்றுக்கு மருந்து, இன்னொன்றுக்கு எண்ணெய். எந்தப் பொருள் என்று தெரியாதபோது முதலுதவிப் பத்தியையே விட்டுவிடுவது என் வழக்கம்.

நான் ஓய்வுபெற்ற பிறகு, 2024 செப்டம்பரில் ஓர் இரவு அந்த "எரிச்சலூட்டும்" பையன் கூப்பிட்டான். இப்போது அந்தப் பக்கம் அவன் பொறுப்பில். "சார், உக்ரைன்ல டிரோன் ஒண்ணு மரவரிசை மேல தீயைக் கொட்டிக்கிட்டே போகுது. பாஸ்பரஸ்னு போடலாமா?"

"புகை என்ன நிறம்?"

"புகையைவிட வெளிச்சம்தான் ஜாஸ்தி. உருகின இரும்பு ஒழுகுற மாதிரி இருக்கு."

"யார் வெளியிட்டது?"

"உக்ரைன் தரப்பே. தெர்மைட்னு சொல்றாங்க."

"கீழே வீடு இருக்கா?"

"வயல்வெளி. மரங்களுக்கு நடுவுல பதுங்குகுழி இருக்குன்னு சொல்றாங்க." கொஞ்சம் நிறுத்தி, அவனே சொன்னான்: "காட்டுக்குத் தீ வைக்கறது தடைதான். ஆனா அதுல படை ஒளிஞ்சிருந்தா விலக்கு இருக்கு, இல்ல சார்? நெறிமுறையிலேயே."

"இருக்கு. ஒளிஞ்சிருக்காங்கன்னு சொல்றது யாருன்னு செய்தியில போட்டுடு. தலைப்பு எத்தனை பத்தி அகலம்?"

"ஒரு பத்திதான் சார். 'டிரோனில் தெர்மைட்: உக்ரைன் புதிய உத்தி'. சரியா?"

"'உக்ரைன் தகவல்'னு எங்கேயாவது சேரு."

"இடம் இல்லை சார்."

"'புதிய உத்தி'யைத் தூக்கிடு."